தாது சொல்லும் சாட்சி: பால் கொலின்வோவின் அமேசான்

பால் கொலின்வோ எழுதிய 'அமேசான் எக்ஸ்பெடிஷன்ஸ்' ஒரு சண்டைக்காரரின் புத்தகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. துணைத்தலைப்பு சாந்தமானதுதான்: பனியுகத்து நிலநடுக்கோட்டைத் தேடி நான் போன பயணம் என்பதுபோல வரும். உள்ளே போனால், ஒரு கோட்பாட்டை வீழ்த்தாமல் ஓய்வதில்லை என்று ஏரி ஏரியாக அலைந்து சேற்றுக்குள் குழாய் இறக்கிய மனிதர் நம்மை எதிர்கொள்கிறார். கிண்டல், கோபம், பயண அலுப்பு, நல்ல ஆங்கிலம் எல்லாம் இருக்கிறது. அறிவியல் எழுத்து என்றால் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகப் பேச வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

எனக்கு ஒத்துவந்தது. ஆனாலும் புத்தகத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வழக்குக்கு முன்னால் எதிரியை அறிமுகப்படுத்திவிடலாம். யூர்கன் ஹாஃபர் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெர்மானிய நிலவியலாளர். பறவைகள் அவருடைய சொந்த ஈடுபாடு. சம்பளத்துக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று என்று வாழ்கிற நம்மில் பலருக்கும் பழக்கமான ஆள். 1969இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமேசான் காட்டில் நெருங்கிய உறவுடைய பறவை இனங்கள் எங்கெங்கே வாழ்கின்றன என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை சில இடங்களில் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. ஏன்? பனியுகத்தில் அமேசான் வறண்டு, காடு துண்டு துண்டாகி, நடுவில் புல்வெளி பரவியிருக்க வேண்டும் என்றார் ஹாஃபர். தீவு போன்ற காட்டுத்துண்டுகளில் சிக்கிய பறவைகள் தனித்தனியாக மாறிப் புதிய இனங்களாயின. மழை திரும்பியது, துண்டுகள் ஒட்டிக்கொண்டன. மறுபடி வறட்சி, மறுபடி பிரிவு. உலகத்திலேயே அதிக உயிரினங்கள் அமேசானில் இருப்பது ஏன் என்ற பெரிய கேள்விக்கு ஒரே பம்பு செட்டைப் போட்டு விடை இறைத்துவிட்டார்.

அழகான கோட்பாடு என்பதில் சந்தேகமில்லை. வன்சோலினி பல்லிகளைக் கொண்டுவந்தார், கிலியன் பிரான்ஸ் மரங்களை, கீத் பிரவுன் பட்டாம்பூச்சிகளை. பத்துப் பதினைந்து வருடத்தில் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. சிக்கல் ஒன்றுதான். இவர்கள் எல்லாரும் இன்று உயிரோடு இருக்கிறவை எங்கே இருக்கின்றன என்பதை வைத்து, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே என்ன முளைத்திருந்தது என்று ஊகித்தார்கள். முளைத்திருந்ததையே நேரில் பார்க்க ஒரு வழி இருந்தது. அதுதான் மகரந்தம்.

நம் பழைய மொழியில் மகரந்தத்துக்குப் பெயர் தாது. இரும்புத்தாது என்று சொல்லும்போது வருகிற அதே சொல். பூவின் தூளுக்கும் மண்ணின் கனிமத்துக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில், மண்ணுக்குள் கிடக்கும் பூந்தூளைப் பற்றிப் பேச வேறு சொல் தேட வேண்டியதில்லை.

மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். அதன் வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிர்கள் உண்டாக்கும் பொருட்களில் இவ்வளவு அழுத்தமானது அபூர்வம். காற்றுப் புகாத ஏரிச்சேற்றில் விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழுகிப்போகும், சுவர் மட்டும் நிற்கும். அதில் முள், வலை, பள்ளம், துளை என்று குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு கைவேலை உண்டு. ஏரியின் அடியில் வருடா வருடம் சேறு படிகிறது, கூடவே மகரந்தமும் படிகிறது. குழாயை இறக்கி அந்தச் சேற்றை அடுக்கு குலையாமல் உருவி எடுத்தால், மேலே இன்று, கீழே பனியுகம். கரிமக் காலக்கணிப்பு வயதைச் சொல்லும். பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சிட்டிகை எடுத்து, மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், மற்றக் குப்பையைக் கரைக்க அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் கலந்த ஒரு கொதிகலவை. எலும்பு வரை தின்னும் சமாச்சாரங்கள். இதிலெல்லாம் கரையாமல் மிஞ்சுவதை நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும். ஒரு அடுக்குக்கு முந்நூறு துகள் போல, ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி.

கொலின்வோவின் புத்தகத்தில் ஆகச் சிறந்த பகுதி இந்த எண்ணிக்கைக்கு முந்தையது: ஏரி தேடுவது. அமேசானில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் அங்கே இருக்கும் ஏரிகளில் பெரும்பாலானவை ஆறு வளைந்து திரும்பும்போது விட்டுவிட்டுப் போன குட்டைகள். சில ஆயிரம் வருட வயதுதான். அவ்வளவு கஷ்டப்பட்டுப் போய், படகைக் கட்டி, குழாய் இறக்கி எடுத்தால், பனியுகம் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த சேறு கையில் வரும். காலபகோஸ் தீவில் எல் ஹுன்கோ, ஈக்வடார் அடிவாரம், மறுபடி அமேசான் என்று அவர் போய்க்கொண்டே இருக்கிறார். தோற்ற பயணங்களை இவ்வளவு விரிவாக எழுதிய அறிவியலாளர்கள் குறைவு. ஆய்விதழில் தோல்விக்கு இடமில்லை. அங்கே எல்லாரும் முதல் தடவையே சரியான ஏரிக்குப் போன மாதிரிதான் எழுதுவார்கள்.

1985இல் ஒரு வெளிச்சம். ஈக்வடாரில் மேரா என்ற இடத்தில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், முப்பதாயிரம் ஆண்டு வயதை ஒட்டிய படிவில் ஆண்டிஸ் மலையின் மேலே வளரும் மரங்களின் மகரந்தம் கிடைத்தது. மலைமேல் மரம் கீழே இறங்கியிருக்கிறது என்றால் அங்கே குளிர்ந்திருக்கிறது. அதுவரை பெரும்பாலோர் நம்பியது வேறு. கடலடிப் படிவுகளைக் கொண்டு கிளைமாப் என்ற பெருந்திட்டம் போட்ட கணக்கில், பனியுகத்தில் வெப்பமண்டலக் கடல்கள் பெரிதாகக் குளிரவில்லை என்று வந்திருந்தது. மேரா அதற்கு எதிராகப் பேசியது. ஆனால் அது மலையடிவாரம்தானே, சமவெளி இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி.

பதில் 1996இல் வந்தது. பிரேசிலின் வடமேற்கு மூலையில் ஆறு ஏரிக் குன்று என்று ஓரிடம். அங்கே பாட்டா ஏரி. கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் அளவே உயரம், சுற்றிலும் மழைக்காடு. அதன் சேறு நாற்பதாயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் போனது. அதில் பனியுக உச்சத்திலும் காட்டு மரங்களின் மகரந்தம்தான் மிகுதி. புல் சொற்பம். கூடவே போடோகார்பஸ் போன்ற, குளிரை விரும்பும் மரங்களின் துகள்கள். வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி வரை குறைந்திருந்தது, காடு உடையவில்லை, புல்வெளி வரவில்லை. 'சயன்ஸ்' இதழிலேயே வெளியிட்டார்கள். ஹாஃபரின் கட்டுரை வந்த அதே இதழ்.

படம் இங்கே முடிந்திருந்தால் வணக்கம் போட்டுக் கிளம்பியிருக்கலாம். கொலின்வோவும் ஏறக்குறைய இங்கேதான் வணக்கம் போடுகிறார். என் வழக்கு இங்கிருந்து தொடங்குகிறது.

*

1996 கட்டுரையைக் கவனமாகப் படித்தால் அது சொல்வது மேற்கு அமேசானைப் பற்றி. புத்தகத்தில் அந்த 'மேற்கு' மெல்ல மெல்லக் கரைந்து மொத்த அமேசானும் ஆகிவிடுகிறது. வாசிக்கும்போது தெரியாது, ஏனென்றால் கதையின் வேகம் அப்படி. முப்பது வருடம் தேடிய ஒருவருக்குக் கடைசியில் ஒரு ஏரி கிடைக்கும்போது, அந்த ஏரி ஒரு பிராந்தியத்தின் ஒரு மூலை என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தேடல் கதை என்ற வடிவமே அதைத்தான் செய்கிறது. கிடைத்த பொருளுக்குத் தேடிய தூரத்தின் எடை ஏறிவிடுகிறது. தென்கிழக்கில் கராஜாஸ் பீடபூமியில், பிரேசிலின் மகரந்தவியலாளர் மரியா லூசியா அப்சியும் குழுவும் 1991இலேயே வெளியிட்ட பதிவில், பனியுகத்தில் காடு பின்வாங்கிப் புல்வெளி வந்த தடயம் இருக்கிறது. அது மேட்டு நிலம், இரும்புத்தாது நிறைந்த பாறை, சமவெளிக்குப் பொருந்தாது என்பது கொலின்வோ தரப்பு வாதம். சரி. ஆனால் பாட்டா ஏரியும் ஒரு குன்றின் மேல்தானே இருக்கிறது?

அடுத்தது மகரந்தத்தின் மௌனம். எங்கள் தொழிலில் லாக் என்று ஒன்று உண்டு. மென்பொருள் ஓடும்போது என்னென்ன நடந்தது என்று தானே எழுதிக்கொண்டு போகும் நாட்குறிப்பு. அதில் இல்லை என்றால் நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்லும் மேலாளர்களை எல்லாரும் பார்த்திருப்போம். லாக் எழுதாத பகுதியில்தான் வழக்கமாக வண்டி கவிழும். மகரந்தமும் அப்படியொரு லாக்தான். காற்றில் தூவும் மரங்கள் கோடிக்கணக்கில் தூவுகின்றன. வெப்பமண்டலக் காட்டு மரங்களில் பெரும்பான்மை பூச்சியையும் வௌவாலையும் பறவையையும் நம்பியவை. அவை சிக்கனமாகச் சுரக்கின்றன, ஏரி வரை வந்து சேர்வது சொற்பம். லவங்கப்பட்டை, வெண்ணெய்ப்பழம் எல்லாம் சேர்ந்த லாரேசி குடும்பம் வெப்பமண்டலக் காட்டில் முக்கியமான குடும்பம். அதன் மகரந்தச் சுவர் அவ்வளவு மெலிது, படிவில் ஏறக்குறையத் தங்குவதே இல்லை. சேற்றில் தேடினால் அப்படி ஒரு குடும்பமே பூமியில் இல்லாத மாதிரி இருக்கும்.

இது கொலின்வோவுக்குத் தெரியாததல்ல. மார்க் புஷ் உள்ளிட்ட அவருடைய சகாக்கள் இன்றைய காட்டில் விழும் மகரந்தத்தைச் சேகரித்து, எந்தக் காட்டுக்கு எந்த மாதிரி கலவை விழும் என்று பொறுமையாக அளந்தார்கள். மழைக்காடு மௌனமானது, அதில் மகரந்த ஆய்வு நடக்காது என்ற பழைய அவநம்பிக்கையை உடைத்தது அந்த வேலைதான். என் கணக்கில் பாட்டா ஏரியைவிட அதுதான் பெரிய சாதனை. ஆனால் அதில் சாகசம் இல்லை, புனலும் வடிதாளும்தான் இருக்கின்றன. ஆகவே கதையில் அதற்குத் துணைப்பாத்திரம்தான்.

புல்லின் கதை இன்னும் சங்கடமானது. புல் மகரந்தம் எல்லாம் ஒரே உருண்டை, ஒரே துளை. மக்காச்சோளம் மாதிரி பெரிய துகள் உள்ள சிலவற்றை விட்டால், சாதாரண நுண்ணோக்கியில் எந்தப் புல் என்று சொல்வது ஏறக்குறைய நடக்காத காரியம். வறண்ட சவானாவின் புல்லும், அமேசான் ஏரியில் மிதக்கும் பாய்போன்ற புல்திட்டும் ஒரே மாதிரி தெரியும். அதாவது வறட்சியின் அடையாளமும் தண்ணீரின் அடையாளமும் ஒரே முகத்தோடு வருகின்றன. இதோடு விழுக்காட்டுக் கணக்கு வேறு. மொத்தம் எப்போதும் நூறு. மரம் குறைந்தால், புல் ஒரு துகள்கூட ஏறாமலேயே, புல் ஏறிவிட்டதாகப் படம் காட்டும். இதைச் சமாளிக்க எண்ணிக்கை தெரிந்த அயல் வித்துத்துகள்களை மாத்திரையாகச் சேற்றில் கலந்து, அதை அளவுகோலாக வைத்து எண்ணுவார்கள். எளிய தந்திரம், எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஹாஃபரை ஆட்டம் காணவைத்த இன்னொரு வேலைக்குச் சேறே தேவைப்படவில்லை. 1990இல் புரூஸ் நெல்சனும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். வேறெங்கும் இல்லாத தாவரங்கள் கொத்தாகச் சேரும் அந்தப் புகழ்பெற்ற மையங்கள், தாவரவியலாளர்கள் அதிகமாகப் போய்ச் சேகரித்த இடங்களோடு ஒத்துப்போகின்றனவா? போயின. மனாஸ் பக்கம் விமானம் இறங்கும், விடுதி இருக்கும், ஆய்வாளர் அங்கேயே சுற்றிச்சுற்றிப் பறிப்பார். அரிய செடி அங்கேதான் அதிகம் கிடைக்கும். காட்டின் வரலாறு என்று நினைத்ததில் ஒரு பகுதி ஆய்வாளர்களின் பயண வரலாறு. சுடச்சுட ஒரு பக்க நகைச்சுவைக் கதை மாதிரி இருக்கிறது இல்லையா? இதே கேள்வியை ஏரிகள் பக்கமும் திருப்ப வேண்டும். பனியுகத்தில் வற்றிப்போன ஏரியில் பனியுகச் சேறே இருக்காது. தொடர்ச்சியாகச் சேறு படிந்த ஏரி என்றால் அது தொடர்ச்சியாகத் தண்ணீர் இருந்த இடம். ஈரமான இடங்களாகப் பார்த்துச் சாட்சி கேட்டுவிட்டு, ஈரமாகத்தான் இருந்தது என்று தீர்ப்பு எழுதுவதில் ஒரு வளையம் இருக்கிறது. 2013இல் அப்சியும் இணைந்து எழுதிய ஒரு கட்டுரை அதே ஆறு ஏரிக் குன்றுக்குத் திரும்பிப் போய், வறட்சியை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது என்று வாதிட்டது.

*

இந்த மாதிரி எண்ணும் வேலைக்கு அடிப்படை ஒரு நூலகம். சேற்றில் கிடைத்த துகளை ஒப்பிட, இன்றைய மரங்களின் பூவிலிருந்து எடுத்துப் பெயர் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். வெப்பமண்டலத்துக்கான அப்படியொரு பெரிய தொகுப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது: புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில். யுனெஸ்கோ அங்கீகரித்த சைவ ஓலைச்சுவடிகள் இருக்கும் அதே நிறுவனம். சுவடிகளைப் பற்றித் தமிழில் எழுதியிருக்கிறோம். சில்லுகளைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? அந்தத் தொகுப்பின் பின்னால் நின்ற பெயர் கணபதி தணிகைமணி. பனை குடும்பத்தின் மகரந்தத்தைப் பற்றி 1970இல் பிரெஞ்சில் நூல் எழுதியவர். உலகம் முழுக்கப் பூக்கும் தாவரங்களின் மகரந்தம் பற்றி எங்கெங்கே என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அட்டவணை போட்டவர். அலையாத்திக் காடுகளின் மகரந்தக் கையேடு அவர் மறைந்த பிறகு வந்தது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் 73 விமானத்தில் இறந்தார். நீர்ஜா பானோட்டை நமக்கெல்லாம் தெரியும், படம் வந்தது. அதே விமானத்தில் தணிகைமணி இருந்தார் என்பதைச் சொன்னால், யார் அவர் என்றுதான் கேட்பார்கள்.

கொலின்வோவின் துணைத்தலைப்பில் இருக்கும் 'என்' என்ற சொல் எனக்கு உறுத்துவது இதனால்தான். 1996 கட்டுரையில் ஐந்து பெயர்கள். பயணம் ஒருவருடையதாக இருக்கலாம், எண்ணிக்கை ஒருபோதும் ஒருவருடையதல்ல.

தணிகைமணியின் பெயர் நீலகிரிக்கும் நம்மைக் கூட்டிப்போகும். அவரும் பிளாஸ்கோவும் 1974இல் தென்னிந்திய மலைகளின் பழைய தாவரப் பரப்பைப் பற்றி எழுதினார்கள். உதகைப் பக்கத்துப் புல்வெளியும் சோலையும் மாறிமாறி வருவது இயற்கையா, இல்லை காட்டை மனிதன் எரித்ததால் வந்ததா என்பது பழைய சண்டை. 1993இல் ஆர். சுகுமாரும் சகாக்களும் அங்குள்ள மக்கிய சதுப்பு மண்ணில் கரிம ஐசோடோப்புகளை அளந்து இருபதாயிரம் ஆண்டுப் பதிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மரங்களும் குளிர்ப்புற்களும் கரியமிலவாயுவைப் பிடிக்கும் முறை வேறு, வெப்பமும் வறட்சியும் தாங்கும் புற்களின் முறை வேறு. இரண்டும் மண்ணில் வேறு வேறு ரேகை விடும். அதனால் மகரந்தத்தில் ஒரே முகமாகத் தெரிந்த புல்லை ஐசோடோப்பு ஓரளவு பிரித்துக் காட்டும். பனியுக உச்சத்தில் நீலகிரியில் ஓங்கியிருந்தது வறட்சி தாங்கும் புல். அப்போது காற்றில் கரியமிலவாயு குறைவு, அதுவும் அந்தப் புல்லுக்குச் சாதகம்.

அப்படியானால் ஹாஃபர் வரைந்த படம் நீலகிரிக்குப் பொருந்துகிறது, பாட்டா ஏரிக்குப் பொருந்தவில்லை! வெப்பமண்டலம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோமே, அது ஒரே இடமில்லை. நீலகிரி விஷயத்தில் இது வெறும் அறிவுச்சண்டையும் இல்லை. புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி அதன்மேல் வேட்டிலும் யூகலிப்டஸும் நட்டார்கள். அந்தப் புல் இருபதாயிரம் வருடத்துக்கு முன்பே அங்கே இருந்தது என்று சதுப்பு மண் சொன்னது, நட்டு முடித்த பிறகு.

அமேசானிலும் அதே அளவுக்குப் பணயம் இருக்கிறது. காடு ஒருமுறை உடைந்து மறுபடி கூடியது என்றால், இப்போது வெட்டினாலும் கூடிவிடும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. உடையவே இல்லை என்றால், எதையும் தாங்கும் காடு, கவலை வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் இடமளிக்காத ஒரு சாட்சி 2017இல் வந்தது. கிழக்கு அமேசானின் ஒரு குகையில் சொட்டுச்சொட்டாக வளர்ந்த சுண்ணப்படிவை ஆராய்ந்து, பனியுக உச்சத்தில் மழை இன்றைய அளவில் சுமார் 58 விழுக்காடுதான் என்று வாங் சியான்ஃபெங்கும் சகாக்களும் கணக்கிட்டார்கள். ஆக வறட்சி உண்மை, ஹாஃபர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனாலும் காடு நின்றது என்பதுதான் அவர்கள் வந்த முடிவு, கொலின்வோ சொன்னது அந்த அளவுக்குச் சரி. எப்படி நின்றது? குளிர். ஐந்து டிகிரி குறைந்தால் இலையிலிருந்து ஆவியாவது குறையும், கிடைத்த மழையில் காலம் தள்ளலாம். கொலின்வோ தேடி அலைந்து கண்டுபிடித்த குளிர்தான் ஹாஃபரின் வறட்சியிலிருந்து காட்டைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது வருகிற வறட்சி வெயிலோடும் நெருப்போடும் சேர்ந்து வருகிறது. அதற்குப் பாட்டா ஏரிச் சேற்றில் முன்மாதிரி எதுவும் கிடையாது.

புத்தகத்தைப் படிக்கலாமா என்றால், கட்டாயம் படிக்கலாம். ஏரி தேடும் அத்தியாயங்களை அவசரப்படாமல் படியுங்கள், அவை அசல் சரக்கு. எதிராளிகளைச் சாடும் பக்கங்கள் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, அங்கே அப்சி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுக்கொண்டு தாண்டுங்கள். அவருடைய கராஜாஸ் மண் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.